அப்பாவின் மிச்சம்

போர் தொடங்கிப் பல மாதங்கள் வரை என் அப்பா என் தம்பிக்கு எத்தனையோ கடிதங்கள் அனுப்பினார். அத்தனையும் சேர்த்து இங்கிருந்து உண்மையில் கிளம்பிப் போனது பூஜ்யம். ஒரு சொல்கூடப் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு கடிதமும் தம்பிக்கு முழுசாகக் கிடைத்தது. அப்பாவின் குரலில், நடுவில் வரும் இருமலோடு.

இதில் மோசடி ஏதும் இல்லை. அந்தக் கடிதங்களை அனுப்பும் இடத்தில்தான் எனக்கு வேலை என்பதால் சொல்கிறேன்.

நாமக்கல் கடித மையம் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் நடக்கிறது. பந்தி நடந்த கூடத்தில் தடுப்பு வைத்துப் பேசும் அறைகள். மணமகள் அறையில் கருவிகள். சுவரில் யாரோ ஒட்டிய தங்கத்தாள் பூக்கள் இன்னும் உரிந்து தொங்குகின்றன. முதல் நாள் பேருந்து கிடைக்காமல் தாமதமாகப் போன என்னை ஹெப்சிபா மேடம் வாசலிலேயே பிடித்தார். நாகர்கோவில்காரர், மையத்தின் மேற்பார்வையாளர். வீட்டில் கடிகாரம் கிடையாதா என்று கேட்டார். பெயரைக் கேட்டார். மௌனிகா என்றேன். ஏன் தாமதம் என்று நான் விளக்கியதை முழுக்கக் கேட்டுவிட்டு, பெயர் வைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்றார்.

பிறகு வேலையைச் சொல்லிக் கொடுத்தார். போரின் முதல் வாரத்திலேயே செயற்கைக்கோள்கள் போய்விட்டன. மிச்சம் இருந்தது நூல் மாதிரி ஒரே ஒரு தடம். அதன் வழியாகத்தான் பட்டாளத்தின் உத்தரவுகளும் போக வேண்டும், லட்சக்கணக்கான ஆட்களின் வீட்டுக் கடிதங்களும் போக வேண்டும்.

“நாளைக்கும் நீ லேட்டா வாற. நான் என்ன கேப்பேன்?” என்றார்.

“வீட்டுல கடிகாரம் கெடையாதான்னு கேப்பீங்க.”

“பாத்தியா மக்ளே. ஒரு நாள் பழக்கத்துல உனக்குத் தெரிஞ்சு போச்சு. பொறவு நான் எதுக்கு வாயத் தொறக்கணும்? ‘வழக்கம்போல’ன்னு ஒரு தட்டு தட்டினா போதும்லா?”

அதுதான் மொத்தத் தொழில்நுட்பமும். ஒவ்வொருவரும் பல வருடங்களாக வீட்டாரோடு பேசிய பேச்சைப் பிடித்து ஒரு ‘நிழல்’ செய்து வைத்திருக்கிறார்கள். அப்பாவின் நிழல் போர்முனைப் பெட்டியிலும் இருக்கும், இங்கேயும் இருக்கும். தம்பியின் நிழலும் அப்படியே. அப்பா வாயைத் திறக்குமுன், அவர் என்ன சொல்வார் என்று இரண்டு பக்கமும் நிழல் ஊகித்துவிடும். ஊகத்துக்கும் அவர் சொன்னதற்கும் உள்ள வித்தியாசம் மட்டும் தடத்தில் போகும். அந்த வித்தியாசத்துக்கு மிச்சம் என்று பெயர். அதைத் துளிக் கணக்கில் அளப்போம். வீட்டுக்கு மாதம் இத்தனை துளி என்று ஒரு பங்கு, போர்முனையில் இருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு.

“அப்ப எதிர்பாத்ததையே பேசறவங்க கடிதம்?”

“அது போகாது. ‘மாற்றமில்லை’ன்னு ஒரு தட்டு மட்டும் போவும். அங்க உள்ள நிழல் எல்லாத்தையும் பேசிக்கிடும்.”

“அது அவங்க பேசினதா ஆகுமா மேடம்?”

“நீதான இஞ்சினியரிங் படிச்சவ. என்கிட்ட கேட்டா?” என்று எழுந்து போய்விட்டார்.

என் அப்பா அங்கமுத்து ரிக் ஆள். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் போடக் கிளம்பும் லாரிகளில் ஏறி மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று என் குழந்தைப் பருவம் முழுவதையும் பூமியைத் துளைத்துக் கழித்தவர். ஆண்டுக்கு ஒருமுறை வருவார். கம்ப்ரசர் இரைச்சலில் பாதிக் காது போய்விட்டது. அந்த இரைச்சலுக்கு நடுவே போன் செய்வார் என்பதால் அவர் பேச்சு எப்போதும் ஒரே அச்சு. “சாப்டியா? பள்ளிக்கொடம் போனியா? அம்மாகிட்ட ரகள பண்ணாத. சரி, வெச்சர்றேன்.” நாங்கள் சொல்லும் பதில் அவர் காதில் விழுந்ததா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. தம்பி தரணி வளர்ந்து அதே ரிக்கில் ஏறிய பிறகு அவனுக்கு மட்டும் ஒரு கேள்வி கூடியது. “தண்ணி வந்துச்சா?”

இந்த ஐந்து வாக்கியங்களை ஊகிக்க எந்திரம் எதற்கு? எங்கள் தெரு நாய் ஊகிக்கும்.

அம்மா நேர்மாறு. யார் வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயம் நின்றது, எதிர்வீட்டுக்காரி எந்த மாட்டை எங்கே கட்டிவிட்டுத் தெரியாதது மாதிரி நிற்கிறாள் என்று ஆரம்பித்தால் நிழல் திணறும். மாதம் பிறந்த நாலாம் நாளே வீட்டுப் பங்கு காலி. அப்பா அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. அவருக்குத்தான் ஒரு துளியும் வேண்டாமே. பக்கத்து மேசைக்காரன் ஒருநாள், உங்கப்பா மாதிரி நாலு பேர் இருந்தால் அரசாங்கத்துக்கு லாபம் என்றான். அவனோடு நான் இன்றுவரை பேசவில்லை.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். நன்றி என்ற சொல்லைக் கேட்டால் இன்னும் சீக்கிரம் வரும். நான் படித்த கல்லூரியில் ஆண்டு விழா அன்று சேர்மன், குடும்பத்தில் முதல்முறையாகப் பட்டம் படிப்பவர்களை எல்லாம் மேடையேற்றி வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருவராக மைக்கில் நன்றி சொல்லச் சொல்வார். கீழே எல்லோரும் கை தட்டுவார்கள். நான் மூன்று வருடம் சொன்னேன். நான்காம் வருடம் வயிற்றுவலி என்று விடுதியில் படுத்துக்கொண்டேன். ஊரிலும் அதே கதை. தம்பி படிப்பை விட்டு ரிக்கில் ஏறினதால்தானே நீ படித்தாய், அவனுக்கு நீ கோயில் கட்ட வேண்டும் என்பார்கள். நான் அவனை ஏறச் சொல்லவில்லை. அவன் என்னைக் கேட்கவும் இல்லை. பிளஸ் டூ முடித்த மறுவாரம் லாரியில் தொற்றிக்கொண்டு, “அக்கா, எனக்குப் புஸ்தகத்தப் பாத்தாலே கொட்டாவி வருது” என்று கை காட்டிவிட்டுப் போனான். அவன் வாங்கிய மதிப்பெண் எனக்குத் தெரியும். பொய் சொல்கிறான் என்று தெரியும். அதற்கும் கோபம்தான் வந்தது.

போர் நடப்பது பனி உறைந்த மேட்டுநிலத்தில். குழாய்களை எதிரி உடைத்துவிட்டான். அங்கே ஆட்கள் நிற்க வேண்டுமானால் தண்ணீர் வேண்டும், தண்ணீர் வேண்டுமானால் துளைக்க வேண்டும். அதனால் ரிக் ஆட்களை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். உடுப்பு பட்டாளத்து உடுப்பு, பெயர் ஒப்பந்தக்காரன் கணக்கில். செத்தால் யார் கணக்கு என்று கேட்டேன். அப்பா என்னை முறைத்தார். தரணி சிரித்தான்.

ஆரம்பத்தில் அவன் கடிதங்களில் நல்ல மிச்சம் இருந்தது. துளைக்கும் கம்பி குளிரில் கையோடு ஒட்டிக்கொள்வதைச் சொன்னான். சாம்பாரில் பால் பவுடரைக் கொட்டிவிட்ட சமையல்காரனைப் பற்றிச் சொன்னான். ரிக்கின் சூட்டுக்கு வந்து படுக்கும் ஒரு நொண்டி நாயைப் பற்றிச் சொன்னான். பிறகு ஒரு கடிதம் பூஜ்யத்தில் வந்தது. “நல்லா இருக்கறனுங்ப்பா. வேல ஓடுது. அம்மா மாத்திர போடுதுங்களா? அக்காவக் கேட்டதாச் சொல்லுங்க.” அடுத்த மாதமும் பூஜ்யம். அதற்கடுத்ததும்.

ஹெப்சிபா மேடம் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்பவர் இல்லை.

விதி எனக்கே தெரியும். முன்பு ஒரு காவல்முனையில் பெட்டி பழுதாகி, பேச ஆளே இல்லாத இடத்திலிருந்து வாரக்கணக்கில் ‘மாற்றமில்லை’ என்று தட்டிக்கொண்டிருந்தது. இங்கே நிழல்கள் பேசின. வீட்டில் எல்லோரும் கேட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு. தொடர்ந்து மூன்று கடிதம் பூஜ்யத்தில் வந்தால், நிழல் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்லி ஒரு சோதனைக் கடிதம் அனுப்ப வேண்டும். அதற்கும் பதில் பூஜ்யமாக வந்தால் ‘ஆள் உறுதியில்லை’ என்று குறித்துவிட வேண்டும். அதோடு கடிதம் நிற்கும். அந்த ஆளின் பெயர், காணாமல் போனவர்கள் பட்டியலுக்குப் போகும். சிப்பாய்களுக்காவது தலை எண்ண அதிகாரி இருக்கிறான். ரிக் ஆட்கள் எந்த முனையில் இருக்கிறார்கள் என்பதைக்கூட எங்களுக்குக் காட்ட மாட்டார்கள்.

“அம்மாவப் பேச வெக்கட்டுங்களா மேடம்? அதுதான் புதுசு புதுசாப் பேசும்.”

“அம்மா என்ன சொன்னாலும் அவன் ‘ஓகோ, அப்படிங்களா’ம்பான். அது நிழலுக்கு மனப்பாடம். புதுசா ஒண்ணும் சொல்லாத ஆளு ஒருத்தர் உண்டுல்லா, அவரு சொன்னாத்தான் பதிலும் புதுசா வரும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “எதுக்குன்னு வீட்டுல சொல்லப்பிடாது. தெரியும்லா?”

மறுநாள் மத்தியானம் அப்பாவை அழைத்து வந்தேன். கருவியைச் சோதிக்கிறார்கள், வழக்கமாகப் பேசாத எதையாவது பேசுங்கள் என்றேன். அவர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு மைக்குக்கு நெருக்கமாக, அது காது கேளாத ஆள் என்பது மாதிரிக் கத்தினார்.

“தரணி. சாப்டியா?”

“அது வேண்டாம்ப்பா. வேற.”

“குளுருக்குக் கம்பளி போத்திக்க.”

மிச்சத்தைக் காட்டும் மீட்டர் பூஜ்யம். ரிக்கில் துளைக்கும் பிட் தேய்ந்தால் உடனே மாற்று என்றார். பூஜ்யம். ஊரில் மழையில்லை என்றார். பூஜ்யம். ஏதாவது திட்டுங்கள் என்றேன். மைக்கில் உருப்படாத பயலே என்று தொடங்கி நன்றாகவே திட்டினார். நிழலுக்கு அதுவும் தெரிந்திருந்தது.

“ஏன்ப்பா, வாழ்க்கையில ஒரு நாளாவது உங்களுக்கு வேற பேச்சு வந்ததே இல்லியா? இருவது வருசமா இதையேதான் பேசிட்டிருந்தீங்களா?” என்று கத்திவிட்டேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

அப்பா என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை.

“தரணிக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சா கண்ணு?”

நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். துண்டைப் பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, கத்தாமல் பேசினார். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

“தரணி, உனக்கு அப்ப நாலஞ்சு வயசு இருக்கும். நான் சத்தீஸ்கர்ல இருந்து வந்தேன். தாடியும் மண்ணுமா வாசல்ல நிக்கறேன். நீ கதவத் தொறந்து பாத்துப்போட்டு, உள்ள ஓடி ஒரு சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்த. ‘குடிங்க, அம்மா இப்ப வந்துரும்’ன்ன.”

இது எனக்குத் தெரிந்த கதைதான். அம்மா எல்லாக் கல்யாணத்திலும் சொல்லிச் சிரிப்பாள். பெற்ற அப்பனையே யாரோ என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்த பையன். கூட உட்கார்ந்து அப்பாவும் சிரிப்பார்.

“எல்லாரும் சிரிச்சாங்க. நானுந்தான் சிரிச்சேன். ஆனா ஒண்ணு யாருகிட்டயும் சொல்லல. போற ஊர்லயெல்லாம் நாங்கதான் தண்ணி எடுத்துக் குடுப்போம். பீச்சி அடிக்கறப்ப ஊரே வந்து மஞ்சத்தண்ணி தெளிச்சுக் கும்புட்டுட்டுப் போவும். எங்களுக்குக் குடிக்கக் கேட்டா மட்டும் தள்ளி நின்னு மேல இருந்து ஊத்துவாங்க. சொம்பக் கையில தர மாட்டாங்க. அந்த வருசம் பூராம் அப்படித்தான் குடிச்சுட்டு வந்தேன். நீ கையில குடுத்த. யாருன்னே தெரியாத ஒரு ஆளுக்கு, ரெண்டு கையாலயும் புடிச்சுக் குடுத்த. அன்னிக்கே சொல்லியிருக்கோணும். பெத்த பையங்கிட்டப் போயி அதெல்லாம் சொல்லுவாங்களான்னு உட்டுட்டேன்.” நிறுத்தினார். இருமினார். “நன்றிங்க, சாமி.”

மீட்டர் முள் ஓரத்தில் போய் இடித்துக்கொண்டு நின்றது. திரையில் சிவப்பாக ஒரு கேள்வி வந்தது. *பேசுபவர் மாறிவிட்டாரா? பிழையெனில் திருத்தவா?* எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. அது வெளி ஆட்களுக்குச் சொல்வது, மேடையில் சொல்வது. அப்பா வாயிலிருந்து அது வந்ததும் எந்திரம் வேறு யாரோ என்று நினைத்துவிட்டது.

பிழையில்லை என்று அழுத்தினேன். சோதனைக்கென்று மையத்துக்கு இருந்த பங்கில் பெரும்பகுதியை அது தின்றுவிட்டுப் போனது.

அந்த வாரம் முழுவதும் பதிலுக்குக் காத்திருந்தோம். அப்பா தினமும் பேருந்தேறி மையத்துக்கு வந்து வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார், சாயங்காலம் என்னோடு திரும்புவார். அம்மாவிடம், பொழுது போகவில்லை என்று சொல்லியிருந்தார்.

பதில் வந்தது. இருவரும்தான் அறைக்குள் போய்க் கேட்டோம். தரணியின் குரல்.

“சரிங்ப்பா. அதெல்லாம் எதுக்குங்ப்பா இப்ப. ஒடம்பப் பாத்துக்குங்க.”

மீட்டரைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பார்த்தேன். பூஜ்யம். பேசியது நிழல்.

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். “இதுக்கு அவன் இப்படித்தான் சொல்லுவான்” என்றார். அவனேதான் பேசினான் என்று நம்பிச் சொன்னாரா, அவன் இருந்திருந்தால் இப்படித்தான் சொல்லியிருப்பான் என்று சொன்னாரா, எனக்கு விளங்கவில்லை. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். போகும்போது தடுப்பில் ஒருமுறை இடித்துக்கொண்டார்.

ஹெப்சிபா மேடத்தின் மேசையில் ‘ஆள் உறுதியில்லை’ குறிப்பு திறந்திருந்தது. அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. என்னைப் பார்த்ததும் இழுப்பறையைத் திறந்து மூடினார். பையைக் கவிழ்த்துத் தேடினார்.

“கண்ணாடியக் காணல மக்ளே. அது இல்லாம எனக்கு எழுத்து தெரியாது. சாயங்காலம் வரைக்கும் தேடணும்னு நெனக்கேன்.”

கண்ணாடி அவர் தலைமேல் இருந்தது.

என் மேசைக்குத் திரும்பினேன். யாரை அடிப்பது என்று தெரியவில்லை. ஒப்பந்தக்காரனையா, எந்திரத்தையா, மேடைக்குக் கீழே கை தட்டிய கூட்டத்தையா. அந்த நேரம் பார்த்து மோனிஷா வந்தாள். ராசிபுரத்துப் பெண், என்னைவிடச் சின்னவள், இடுப்பில் கைக்குழந்தை. அவள் கணவன் லோகேஷுக்குப் போர்முனையில் சமையல் வேலை. அவளைக் கண்டாலே எனக்கு எரிச்சல். நாலைந்து மாதமாக அவன் கடிதங்கள் அவ்வளவு நீளம். மற்றவர்கள் எல்லோரும் துளித் துளியாக எண்ணும்போது இவளுக்கு மட்டும் மணிக்கணக்கில் வரும். ஒருமுறை கேட்டதற்கு, குழந்தை பிறந்தால் அரசாங்கம் பங்கு சேர்த்துக் கொடுக்கிறதாம் அக்கா என்றாள். அப்படி ஒரு திட்டம் எனக்குத் தெரிந்து இல்லை. யாரோ பெரிய இடத்துச் சிபாரிசு என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றும் அறைக்குள் போனாள், வெகுநேரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. வெளியே எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, இங்க அங்கமுத்துன்னு யாராச்சும் வருவாங்களா?”

எழுந்தேனா, ஓடினேனா, நினைவில்லை. கடிதத்தின் கடைசிப் பகுதியை எனக்காக மறுபடி ஓடவிட்டாள். லோகேஷின் குரல், பின்னால் ரிக் இரைச்சல்.

“மோனி, கடைசியா ஒண்ணு. இது நம்ம சேதி இல்ல. இங்க ரிக்குல தரணி அண்ணன்னு ஒருத்தரு. நம்ம பாப்பா பொறந்ததுல இருந்து அவரு பங்கு பூராவையும் எனக்குத்தான் தர்றாரு. உங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. ‘நான் வாயத் தொறக்கலீன்னாலும் என்ன சொல்லுவேன்னு எங்க வீட்டுக்குத் தெரியும்டா. உன்ற பாப்பாவுக்கு உன்னையத் தெரியாதுல்ல, நீ பேசு’ம்பாரு. இன்னிக்கு அவங்க அப்பா கடிதம் வந்துச்சு. கேட்டுப்போட்டு ரிக்குக்குப் பின்னால போயி ரொம்ப நேரம் நின்னுட்டாரு. பதில் சொல்ல அவருகிட்ட ஒரு துளிகூட இல்ல. அதான் சத்தியத்த மீறி என்னோடதுல சொல்றேன். நாமக்கல் மையத்துக்கு அங்கமுத்துன்னு வருவாங்களாம். அவருகிட்ட இத அப்படியே சொல்லோணுமாம். ‘யாரோன்னு நெனச்சுக் குடுக்கலீங்ப்பா. அப்பான்னு தெரிஞ்சுதான் குடுத்தேன். என்ன பேசறதுன்னு தெரியல, அதான் அப்படிச் சொன்னேன். இங்க தண்ணி வந்துருச்சுங்ப்பா.’ அவ்வளவுதான் மோனி. பாப்பாவ…”

அதற்குமேல் அவர்கள் சேதி. நான் நிறுத்தினேன்.

மோனிஷாவின் முகம் வெளுத்திருந்தது. அரசாங்கம் கொடுப்பது என்றுதானே அக்கா நினைத்தேன், உங்கள் வீட்டுப் பேச்சையெல்லாம் நான் தின்றுவிட்டேனே, இனிமேல் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்று அழத் தொடங்கினாள். இந்தப் பெண்ணை நான் நாலைந்து மாதமாக மனதுக்குள் திட்டியிருக்கிறேன். என் தம்பி உயிரோடு இருக்கிறான் என்ற சேதி இவளுடைய துளிகளில் ஏறித்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அவளைக் கட்டிக்கொள்ளத் தெரியாமல், குழந்தையை வாங்கிக்கொண்டேன்.

“ஒண்ணும் சொல்லாத. நீ பேசு. அவன் எதுக்குக் குடுத்தானோ அதுக்குப் பேசு.”

மேடம் எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியவில்லை. தலைமேல் இருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“கெடச்சிட்டு” என்றார். மேசைக்குப் போய் அந்தக் குறிப்பை அழித்தார்.

அப்பாவை டீக்கடையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தேன். டீ ஆறிப்போய் ஆடை கட்டிக் கையிலேயே இருந்தது. கேட்கும் காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்து லோகேஷ் சொன்னதைக் கேட்டார். இன்னொரு முறை என்றார். இன்னொரு முறை ஓடவிட்டேன். துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார்.

“எத்தன அடியில வந்துச்சாம்?”

“அதச் சொல்லலீங்ப்பா.”

“அடி சொல்லாம தண்ணி வந்துச்சுன்னா என்ன கணக்கு. ரிக்குக்காரன் பேசற பேச்சா இது” என்று முணுமுணுத்தார். பிறகு மோனிஷாவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். அவள் பதறி எழுந்தாள். அப்பா கையை இறக்கவில்லை.

போர் இன்னும் முடியவில்லை. தரணி இன்னும் வரவில்லை. ரிக் ஆட்களின் தலையை எண்ண இன்னும் யாரும் இல்லை; அதற்காக நான் எழுதிய மனுக்கள் எங்கேயோ கிடக்கின்றன, மறுபடி எழுதுவேன். ஆனால் இரண்டு விஷயங்கள் மாறியிருக்கின்றன.

ஒன்று, அப்பாவின் கடிதம். இப்போது அவர் கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்கிறார். “சாப்டியா? தண்ணி எத்தன அடியில வந்துச்சு? ஒடம்பப் பாத்துக்க. நன்றிங்க, சாமி. வெச்சர்றேன்.” முதல் முறை மீட்டர் துள்ளியது. அடுத்த முறை கொஞ்சம் குறைந்தது. அதற்கடுத்து இன்னும் குறைந்தது. நிழல் கற்றுக்கொண்டுவிட்டது. இப்போது அப்பா அதைச் சொன்னாலும் பூஜ்யம்தான். அவர் நன்றி சொல்லாமல் ஒரு நாள் விட்டால்தான் இனி எந்திரம் பயப்படும்.

இன்னொன்று, நான். இந்த மாதம் அம்மா ஏதோ புத்தி வந்து வீட்டுப் பங்கில் பாதியை எனக்கு விட்டுக்கொடுத்தாள். நான் இதுவரை தரணிக்குத் தனியாகக் கடிதம் அனுப்பியதில்லை. நான் பேசினால் நிச்சயம் நிறையச் செலவாகும், அப்பாவுடையதைவிட முள் அதிகமாகத் துள்ளும் என்று தெரியும். அதனால் முன்பே எழுதி, சொற்களைக் குறைத்து, தயாராகப் போய் உட்கார்ந்தேன். எடுத்ததும் அவனைத் திட்டினேன். எங்களை இப்படிச் சாகடிக்கிறாயே, அறிவிருக்கிறதா என்றேன். பிறகு காகிதத்தை மடித்துவிட்டு, எழுதி வைக்காத ஒன்றைச் சொன்னேன்.

“டேய், உனக்குப் புஸ்தகத்தப் பாத்துக் கொட்டாவி வரலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நன்றிடா.”

மீட்டரைப் பார்த்தேன்.

பூஜ்யம்.

கருவி பழுதோ என்று கம்பிகளைச் சரிபார்த்தேன். பக்கத்து அறை மீட்டரோடு ஒப்பிட்டேன். ஒரு பழுதும் இல்லை. என் நிழல் என்பது என் பழைய பேச்சு. அதில் முக்கால்வாசி நான் தம்பியைத் திட்டியது. அந்தத் திட்டுகளை எல்லாம் கேட்டு அடுக்கிவைத்து, நான் கடைசியில் எங்கே வந்து நிற்பேன் என்று அந்த எந்திரம் எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அங்கே பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் அவனுக்கும் தெரிந்திருக்கும்.

*மாற்றமில்லை. அனுப்பவா?* என்று திரை கேட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அனுப்பு என்று அழுத்தினேன்.